இரவு 11:50-க்கு வந்தவரின் வருகை ஒன்றா, இரண்டா?

ஒரு வாசகி இரவு 11:50-க்கு உங்கள் தளத்தைத் திறக்கிறார். நாலைந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு 12:10-க்கு மூடுகிறார். தள வருகைகளை எண்ணும் கருவியான மட்டோமோவில் இது இரண்டு வருகை. நாம் அமைப்பை மாற்றாதவரை அது நள்ளிரவில் வருகையை வெட்டிவிடும். அதே வேலையைச் செய்யும் அடோபி அனலிட்டிக்ஸில் ஒன்றுதான். பொதுவாக அரை மணி நேரம் அசைவில்லாமல் இருந்தாலோ, விடாமல் 12 மணி நேரம் ஓடினாலோ அங்கே வருகை முடியும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இலும் ஒரே செஷன்தான் (வருகைக்கு கூகுள் வைத்த பெயர்). ஆனால் இரண்டு நாள் கணக்கிலும் அது ஏறும். நாள்வாரி எண்களைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் நள்ளிரவிலும் வெட்டியது, வாசகர் வேறொரு விளம்பரப் பிரசார இணைப்பு வழியாக வந்தாலும் வெட்டியது. பழைய செஷன் எண்ணையும் புதியதையும் ஒரே வரைபடத்தில் போட்டு "வாசகர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று பதறக் கூடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, எண்ணும் விதி எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்பது: டேட்டா வந்து சேரும்போதா, ரிப்போர்ட்டைத் திறக்கும்போதா? கூகுளில் அலுவலக ஊழியர்களின் கிளிக்குகளை ஒதுக்க ஃபில்டர் போட்டு இயக்கிவிட்டால், அது பிடிக்கும் டேட்டா எங்குமே சேராது, கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரிக்கும் போகாது. அலுவலகத்தை அடையாளம் காட்டக் கொடுக்கும் ஐபி முகவரி எல்லையில் ஓர் எண் பிசகினால் உண்மையான வாசகர்களும் அதோடு போய்விடுவார்கள், மீட்க வழியில்லை. சோதனை நிலையில் வைத்தால் எதையும் அழிக்காமல் அடையாளம் மட்டும் போடும். ஒரு வாரமாவது அப்படியே விட்டுப் பாருங்கள்.

மட்டோமோவைச் சொந்த சர்வரில் நிறுவினால் ஒவ்வொரு கிளிக்கும் உங்கள் டேட்டாபேஸில் கிடக்கும். அதை நீங்கள் அழிக்காதவரை, இன்று உருவாக்கும் வாசகர் பிரிவை இரண்டு வருடம் பின்னால் போய்க்கூட ஓட்டலாம். கூகுளின் இலவசப் பதிப்பில் தனிப்பயனர் டேட்டா அதிகபட்சம் 14 மாதம்தான். ஆனால் மட்டோமோவிலும் வருகையின் எல்லை கிளிக் வந்து சேரும்போதே முடிவாகிவிடும். பிறகு அமைப்பை மாற்றினால் பழையவை மாறாது. அந்த இடத்தில் அடோபிக்கு நிகர் இல்லை. மெய்நிகர் ரிப்போர்ட் தொகுப்பில் (அதே டேட்டாவை வேறு விதிகளோடு காட்டும் அமைப்பு), ரிப்போர்ட்டைத் திறக்கும்போதே அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கிப் பழைய மாதங்களையும் பார்க்கலாம். மூல டேட்டா அப்படியே இருக்கும். ஆனால் அடோபி காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி, சிறு தளங்களுக்குக் கட்டுப்படியாகாது.

சர்வரைக் கவனிக்க ஆள் இருந்தால் மட்டோமோவைத்தான் எடுக்கச் சொல்வேன். கூகுளோடு தொடர்பவர்கள் இன்றே பிக்குவெரியை இணையுங்கள். இணைப்பதற்கு முந்தைய நாட்களின் டேட்டா அங்கே வராது.