மொழியை மாற்றியவரும் மாற்றாதவரும்

நாட்டை விட்டுப் போன நாவலாசிரியர் எந்த மொழியில் எழுதுவது? போன இடத்து மொழியிலா, வாசகர்கள் இல்லாவிட்டாலும் தாய்மொழியிலா? முதல் வழியில் போனவர் ரஷ்யாவின் விளாதிமிர் நபகோவ். இரண்டாவதில் நின்றவர் ஹங்கேரியின் ஷாந்தோர் மாராய். முன்னவர் பிறந்தது 1899இல், பின்னவர் 1900இல்.

நபகோவ் குடும்பம் 1919இல் ரஷ்யாவை விட்டு வெளியேறியது. பெர்லினில் அவர் ரஷ்ய மொழியில்தான் எழுதினார். படித்தவர்களும் அவரைப் போல ஓடிவந்தவர்களே. ஹிட்லரும் போரும் அந்தக் கூட்டத்தைச் சிதறடிக்க, அவர் ஆங்கிலத்துக்கு மாறி 1940இல் அமெரிக்கா போனார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1955இல் 'லோலிடா' வந்தது. அது சம்பாதித்துக் கொடுத்த பிறகு வேலையை விட்டுவிட்டு, கடைசிவரை சுவிட்சர்லாந்தில் எழுதினார்.

மாராய் 1948இல் கிளம்பும்போது ஹங்கேரியில் பெரும்புகழ் பெற்றவர். கம்யூனிஸ்ட் ஆட்சி அவர் புத்தகங்களைத் தடுத்தது. இத்தாலி, நியூயார்க், சான் டியேகோ என்று நாற்பது வருடம் ஹங்கேரிய மொழியிலேயே எழுதினார். சோவியத் படை ஹங்கேரியை விட்டுப் போகும்வரை தன் நூல்கள் அங்கே அச்சாகக் கூடாது என்றும் பிடிவாதமாக இருந்தார்.

வேறு மொழி தெரியாததால் இப்படி இருந்தார் என்று நினைக்க வேண்டாம். இருபதுகளில் ஜெர்மன் நாளிதழுக்கு ஜெர்மனிலேயே எழுதியவர் அவர். நபகோவும் ரஷ்ய எழுத்துக்கு முன்பே ஆங்கிலம் படிக்கக் கற்றவர். ஆக, இரண்டு பேர் கையிலும் இன்னொரு மொழி இருந்தது. ஒருவர் எடுத்துக்கொண்டார், மற்றவர் வேண்டாம் என்றார். என்னை உலுக்குவது இந்த இடம்தான்.

பிழைப்பு என்று பார்த்தால் நபகோவின் வழியே சரி. ஆனால் அவர் சுலபமாகத் தப்பித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாய்மொழியைக் கைவிட்டதைத் தன் சொந்தச் சோகம் என்று எழுதியவர் அவர். 'லோலிடா'வைத் தானே ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்து 1967இல் வெளியிட்டபோது, இத்தனை வருடம் பத்திரமாக இருப்பதாக நம்பிய தன் ரஷ்ய மொழி துருப்பிடித்துவிட்டது என்று வருந்தினார். மாராய்க்கு அந்த இழப்பு இல்லை. மொழி கடைசிவரை கூடவே இருந்தது, வாசகர்கள்தான் இல்லை. எனக்கு மாராய்தான் நெருக்கம்.

1986இல் மாராயின் மனைவி இறந்தார். 1989 பிப்ரவரியில் மாராய் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த வருடமே ஹங்கேரியில் ஆட்சி மாறியது. 1942இல் அவர் எழுதிய ஒரு நாவல் 1998இல் இத்தாலிய மொழியில் வந்து விற்றுத் தள்ளியது. அப்புறம்தான் உலகம் அவரைப் படிக்க ஆரம்பித்தது.