64 கோர், 200 வாட்: எபிக் 8534பியா, ஸியோன் 6710ஈயா?

திருகோணமலை நகரில், கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கட்டடத்தின் சேர்வர் அறையைப் பராமரிப்பது என் வேலை. பல கிளைகளைக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், ஊழியர் கோப்புகள், களஞ்சியக் கமராக்களின் பதிவுகள், அந்தப் பதிவுகளில் ஆள் நடமாட்டத்தைப் பிரித்தறியும் மென்பொருள் ஆகிய அனைத்தும் அந்த ஓர் அறையிலேயே ஓடுகின்றன. பழைய சேர்வரை மாற்ற வேண்டி வந்தபோது கடைசி வரை போட்டியில் நின்றவை இரண்டு புரொசெசர்கள் (சேர்வரின் கணிப்பைச் செய்யும் சில்லுகள்): ஏஎம்டியின் எபிக் 8534பி, இன்டெலின் ஸியோன் 6710ஈ. வாங்கியது எபிக். ஸியோனை விற்பனையாளர் ஒருவர் பரீட்சைக்குத் தந்திருந்த குறுகிய காலத்தில் மட்டுமே இயக்கிப் பார்த்தேன் என்பதையும், எங்களிடம் மாற்றுக்கு வைத்திருக்கும் பழைய சேர்வரும் ஏஎம்டி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டையும் அருகருகே வைத்தது தற்செயலல்ல. 8534பியில் 64 கோர்கள் (தனித்தனியே கணிக்கும் அலகுகள்), வெப்ப வரம்பு 200 வாட். 6710ஈயில் 64 கோர்கள், 205 வாட். முன்னது 2023 செப்டெம்பரில் வெளிவந்த எபிக் 8004 வரிசையின் உச்ச மாதிரி. பின்னது 2024 யூனில் வெளிவந்த ஸியோன் 6700ஈ வரிசையின் அடிமட்ட மாதிரி. கோர் எண்ணிக்கையிலும் வெப்ப வரம்பிலும் இப்படி நெருங்கி நின்றாலும் உள்ளே இரண்டும் வெவ்வேறு எண்ணத்தில் பிறந்தவை. ஏஎம்டி தன் வழமையான ஸென் 4 கோரின் இடப்பரப்பைச் சுருக்கி, கேஷ் என்னும் உள்ளகச் சிறு நினைவகத்தைக் குறைத்து, கட்டளைத் தொகுதியில் எதையும் வெட்டாமல் ஸென் 4சி ஆக்கியது. ஒவ்வொரு கோரும் இரண்டு திரெட்களை (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை இழைகளை) ஓட்டுவதால் இயங்குதளத்தின் கண்ணுக்கு 128 தெரியும். இன்டெல் மின்வலுவை மிச்சம்பிடிக்கும் சிறிய ஈ-கோர்களை அடுக்கியது. ஒரு கோருக்கு ஒரு திரெட் மட்டுமே, ஒரே தடவையில் 512 பிட் தரவைக் கணிக்கும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளும் இல்லை.

டிஸ்க், வலையமைப்பு அட்டை போன்றவற்றை இணைக்கும் பிசிஐஈ 5.0 பாதைகள் எபிக்கில் 96, ஸியோனில் 88. எங்கள் அளவிலான அறைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. லினக்ஸ் இரண்டிலும் சிக்கலின்றி ஏறும். விலையையும் நான் நீட்டப்போவதில்லை, ஏனெனில் டொலர் விலைப்பட்டியலுக்கும் கொழும்பிலிருந்து கைக்கு வரும் விலைக்கோரலுக்கும் இடையில் இறக்குமதி வரி, நாணய மாற்று, விற்பனையாளரின் இலாபம் என்று பல படிகள் உள்ளன. புரொசெசரின் விலை வித்தியாசம் ரேமும் டிஸ்க்கும் சேர்ந்த மொத்தத் தொகையில் அநேகமாகக் கரைந்துவிடும்.

எங்கள் தெரிவைத் தீர்மானித்தது வெப்பம். அதிலும் குளிரூட்டி நின்றுபோன பின்னர் அறையில் ஏறும் வெப்பம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்குக்கரையில் இறங்கும். அப்பருவத்தில் பிற்பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டுவது இங்கு புதினமல்ல. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் யூபிஎஸ் சேர்வரைத் தாங்கும், ஜெனரேட்டர் கிளம்பும், ஆனால் குளிரூட்டி ஓடாது. குளிரூட்டியின் கம்பிரசர் கிளம்பும் கணத்தில் வழமையான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும் என்பதால் சிறிய ஜெனரேட்டரில் அதைப் பூட்டுவதற்குப் பலர் துணிவதில்லை; எங்கள் நிர்வாகமும் துணியவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் கண்ட எவரும் மின்வெட்டை விதிவிலக்காகக் கருதித் திட்டமிட மாட்டார்.

கணக்கு எளிது. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையில் ஏறத்தாழ 28 கன மீற்றர் காற்று இருக்கும். அந்தக் காற்று முழுவதையும் ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 34 கிலோஜூல் போதும். அதாவது சேர்வர், சுவிட்ச், டிஸ்க் அடுக்கு எல்லாம் சேர்ந்து 1000 வாட் உமிழ்ந்தால், சுவர்கள் எதையும் உறிஞ்சாது என்று கொண்டால், 34 செக்கனுக்கு ஒரு பாகை ஏறும். நிஜத்தில் சுவரும் இரும்பு ரேக்கும் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வதால் இவ்வளவு விரைவாக ஏறாது; ஆனாலும் கச்சான் காலத்தில் வெளிச்சுவரே சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தயவை அதிகம் எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மேல் விசிறிகளின் தொல்லை வேறு. உள்ளே வரும் காற்று சூடாகச் சூடாகச் சேர்வர் தன் விசிறிகளை வேகமாக்கும். விசிறி இழுக்கும் மின்வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு விகிதசமமாக ஏறும். வேகம் கால் பங்கு கூடினாலே மின்வலு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். ஆகவே யூபிஎஸ் பற்றரியை மிச்சம்பிடிக்க வேண்டிய அதே நிமிடங்களில் சேர்வர் கூடுதலாகக் குடிக்கத் தொடங்குகிறது. அத்துடன், அறை வெக்கை தாங்காமல் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். கடற்காற்று நேராக உள்ளே வரும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இங்கே அதைத் தாண்டாத நாளைத் தேடத்தான் வேண்டும். பழைய சேர்வரைக் கழற்றியபோது விசிறி வலையில் தூசி ஈரக்களியாக அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிரவில்லை, இழுபட்டது. மதர்போட்டின் ஓரத்தில், செம்பு வெளியே தெரிந்த இடங்களில் பச்சை பூத்திருந்தது. அந்த விசிறிகள் மெதுவாகச் சுழன்றிருந்தால் அவ்வளவு உப்பை உள்ளே இழுத்திருக்காது.

ஆகையால் என் கேள்வி, உச்ச வேகத்தில் எது முந்தும் என்பதல்ல. தேவைப்படும்போது எதை எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதே. 8534பியின் வெப்ப வரம்பை 155 வாட்டிலிருந்து 225 வாட் வரை பயோஸில் (சேர்வரின் அடிப்படை அமைப்புத் திரையில்) தெரிவுசெய்ய ஏஎம்டி இடமளிக்கிறது. நாங்கள் அதை 155இலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் எவரும் வேகம் குறைந்துவிட்டதென்று இதுவரை முறையிடவில்லை, ஏனெனில் அங்கே தாமதம் பெரும்பாலும் டிஸ்க்கிலும் வலையமைப்பிலும்தான் இருந்தது. முழுச் சுமையில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது என்று வைத்தால் 45 வாட் குறைப்பு என்பது ஏறத்தாழ 394 அலகு மின்சாரம். அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி இழுக்கும் பங்கு இதில் சேரவில்லை. எங்கள் சேர்வர் எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதில்லை என்பதால் உண்மையான மிச்சம் இதைவிடக் குறைவு. மின்கட்டணத்தை விட, மின்சாரம் போன பின் கிடைக்கும் நிமிடங்களே எனக்குப் பெரிது.

ஸியோனிலும் மென்பொருள் வழியாக மின்வலுவுக்குக் கடிவாளம் போடலாம். ஆயினும் 6700ஈ வரிசையின் மிகக் குறைந்த மாதிரியே 205 வாட்டில்தான் தொடங்குகிறது. எபிக் 8004 வரிசையோ 8 கோர்களிலிருந்து தொடங்கி, தொலைத்தொடர்பு நிலையங்களை மனதில் வைத்து அகன்ற வெப்பநிலை வரம்புடன் தயாரிக்கப்பட்ட பிஎன் மாதிரிகளையும் கொண்டது: 64 கோர் 8534பிஎன் 175 வாட், 32 கோர் 8324பிஎன் 130 வாட், 16 கோர் 8124பிஎன் 100 வாட். மூதூர்ப் பக்கமுள்ள களஞ்சியம் ஒன்றில் குளிரூட்டியே இல்லாத சிறு அறையில் கமராப் பதிவுகளை அங்கேயே அலசி, முடிவை மட்டும் நகருக்கு அனுப்பும் யோசனை எங்களிடம் உள்ளது. அதற்கு 8124பிஎன் பொருந்தும் என்று கருதுகிறேன். இன்னும் வாங்கவில்லை என்பதால் இது கருத்து மட்டுமே.

அந்தக் கமரா வேலையே எபிக்குக்கு இரண்டாவது வாக்கை அளித்தது. ஜிபியூ (படக் கணிப்புக்கான தனிச் சில்லு) வாங்கும் வசதி இல்லாத இடத்தில் படங்களிலிருந்து ஆட்களைப் பிரித்தறியும் கணிப்பைப் புரொசெசரே செய்ய வேண்டும். ஸென் 4சியில் ஏவிஎக்ஸ்-512உம், அதனுடன் வரும் 8-பிட் முழுவெண் பெருக்கல் கட்டளைகளும் உண்டு. ஈ-கோரிலும் அத்தகைய கட்டளைகள் உண்டுதான். ஆனால் அவை 256-பிட் அகலத்தோடு நின்றுவிடும்.

உரிமக் கட்டணமும் சிறிது கவனிக்கத்தக்கது. விண்டோஸ் சேர்வர் உரிமம் பௌதிகக் கோர்களை எண்ணியே விற்கப்படுகிறது, திரெட்களை எண்ணியல்ல. ஆகவே 64 கோருக்குப் பணம் கட்டினால் எபிக்கில் 128 திரெட், ஸியோனில் 64 திரெட். இதை இரட்டிப்பு வேகம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. இரண்டாவது திரெட் தருவது ஒரு முழுக் கோரின் வேலையல்ல, வேலைக்கு வேலை மாறுபடும் ஒரு மேலதிகப் பங்குதான்.

இனி ஸியோனின் பக்கம். நினைவக விடயத்தில் அது தெளிவாக முன்னே நிற்கிறது. எபிக் 8004இல் டிடிஆர்5-4800 வேகத்தில் 6 சனல்கள் (ரேமுக்குச் செல்லும் தரவுப் பாதைகள்). கோட்பாட்டளவில் செக்கனுக்கு 230 கிகாபைட். ஸியோனில் 8 சனல்கள், 6700ஈயின் உச்ச வேகமான டிடிஆர்5-6400ஐ எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 410 கிகாபைட். பெரிய தரவுத்தளத்தை நினைவகத்திலேயே வைத்து ஓட்டுபவருக்கு இந்த இடைவெளி உறைக்கும். இரண்டு புரொசெசர்களை ஒரே மதர்போட்டில் பூட்டும் வசதி ஸியோனுக்கு உண்டு, எபிக் 8004க்கு இல்லை. குறியாக்கத்தையும் கோப்புச் சுருக்கத்தையும் கோர்களின் தலையிலிருந்து இறக்கி வைக்கும் தனிச் சுற்றுகளை இன்டெல் உள்ளேயே வைத்திருக்கிறது. அதே சொக்கெட்டில் 2025 பெப்ரவரியில் வெளிவந்த, வலுவான பி-கோர்களைக் கொண்ட ஸியோன்களையும் பின்னர் பூட்டலாம் என்பதும் சிறிய விடயமல்ல.

மேலும், ஒரே சேர்வரில் ஒருவரையொருவர் அறியாத பல வாடிக்கையாளரை வைத்திருப்பவர், ஒரு கோரை இரு திரெட்கள் பகிர்வதால் எழும் கசிவு ஆபத்துகளை எண்ணித் திரெட் வசதியை அணைத்தே வைப்பதுண்டு. அவருக்கு எபிக்கின் 128 என்பது வெறும் 64தான். அவரிடம் முறையான குளிரூட்டலும் இரட்டை மின்வழங்கலும் உள்ள கொழும்புத் தரவு நிலையத்தில் இடம் இருக்குமானால், 6710ஈயை விட்டுவிட்டு நேராக 250 வாட்டில் 144 கோர் தரும் 6766ஈயைப் பார்க்க வேண்டும். ஒரு கோருக்கு 1.74 வாட் என்பது 8534பியின் 3.1 வாட்டை விட மிகக் குறைவு. ஸென் 4சி கோர் தனியாக வலுவானது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், சின்னச் சின்ன இணையச் சேவைகளை நூற்றுக்கணக்கில் ஓட்டுபவருக்கு அந்தப் பக்கமே இலாபம். என் சாய்வு என் அறைக்கு உரியது.

பழுது வந்தால் என்ன செய்வது என்பதிலும் இரண்டுக்கும் இங்கே பெரிய வேறுபாடில்லை: எதுவானாலும் பாகம் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை (சேர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மென்பொருளை) நிறுத்தாமல் ஏஎம்டியிலிருந்து இன்டெலுக்கு நகர்த்த முடியாது. மாற்றுச் சேர்வர் எந்த இனமோ அந்த இனத்தையே புதிதாகவும் வாங்கினால், விசிறி மாற்றவோ உப்பைத் துடைக்கவோ சேர்வரை அணைக்கும் நாளில் கணக்குப் பிரிவுக்கு அது தெரியவே வராது. இது எபிக்கின் பெருமையல்ல. எங்களிடம் முன்பிருந்தது இன்டெலாக இருந்திருந்தால் இதே வாதம் மற்றப் பக்கம் பேசியிருக்கும்.

எபிக்கை வாங்குபவர் விலைக்கோரலில் இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 6 சனல் என்பதால் ரேம் அட்டைகள் 6இன் மடங்கில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் விலைக்கோரலில், 8 சனல் சேர்வருக்குரிய பழக்கத்தில், 8 அட்டைகள் எழுதப்பட்டிருந்தன. மற்றது, விசிறித் தொகுதி ஒன்றை மேலதிகமாகச் சேர்வருடனேயே வாங்கி, உறை பிரிக்காமல் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி பழசான பின்னர் அதைத் தனியே தேடுவது புரொசெசரைத் தேடுவதை விடக் கடினம்.