கடைகளுக்குத் தூள் போடுவதா, கூலிக்குத் திரிப்பதா: வேலையை விட்டவனின் கணக்கு

போன கிழமை ஒரு தம்பி மில்லுக்கு வந்தான். நல்ல சம்பளத்தில் இருக்கிறவன். "அண்ணை, வேலையை விடப்போறன். கறித்தூள் பைக்கற் அடிச்சுக் கடையளுக்குப் போடுவமெண்டு யோசிக்கிறன்" என்றான். லேபிளின் நிறம்வரை தீர்மானித்து வைத்திருந்தான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: கடைக்காரர் எத்தனை நாளில் காசு தருவார்கள்? அதை அவன் யோசித்திருக்கவில்லை. நானும் 2021இல் யோசிக்கவில்லை.

இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்றரை வருடம் கடைகளுக்குப் பைக்கற் போட்டேன், பிறகு அதை விட்டுவிட்டுக் கூலிக்குத் திரிக்கும் மில் போட்டேன். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை, மில் பக்கம்தான்.

அதற்கு முன் 11 வருடம் ஒரு நிதி நிறுவனத்தின் லீசிங் (வாகனத்தைத் தவணைக்குக் கொடுப்பது) பகுதியில் இருந்தேன். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லீசிங் கொடுப்பது பாதி வேலை, கட்டாதவர்களின் படலையில் போய் நிற்பது மீதி. அந்த மீதிப் பாதிதான் என்னை வெளியே தள்ளியது. விடப்போகிறேன் என்றதும் அப்பா பழைய கதையை எடுத்தார், கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டுமாம். நான் இருந்தது கோர்ணமேந்தும் இல்லை, ஆனால் மாதச் சம்பளம் வந்தால் அவருக்கு எல்லாம் கோர்ணமேந்துதான்.

வேலையிலேயே இருப்பது என்ற தெரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு விடயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடுகிறவர்கள் அதில்தான் தடுமாறுகிறார்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து முதல் போடலாம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று வருடக்கணக்காகச் சேர்ந்த காசுதான், ஆனால் வேலையை விட்டேன் என்பதற்காகத் தரமாட்டார்கள். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. கையில் வந்தது பணிக்கொடைதான், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். என் அடிப்படைச் சம்பளம் 60,000, ஆகவே 11 வருடத்துக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். அதோடு மனைவியின் சீட்டுக் காசு. இவ்வளவும்தான் முதல்.

சரி, பைக்கற் கதைக்கு வருவோம்.

தொடங்கும்போது அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. எங்கள் யாழ்ப்பாணத்துத் தூளுக்கு விளம்பரமே தேவையில்லை, மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்துத் திரித்தால் வாசம் ஒழுங்கை முனைவரை போகும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தேன், பை அச்சடித்தேன், சீலர் வாங்கினேன். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு கொக்குவிலில் இருந்து சுன்னாகம்வரை 32 கடை. எல்லாக் கடையிலும் எடுத்தார்கள். அதுதான் பிழையான சந்தோசம். எடுத்துக்கொண்டார்களே தவிர வாங்கவில்லை.

காசு வித்துத்தான் தருவார்கள். பேச்சு 30 நாள், நடப்பது 45 நாள், நல்லூர்த் திருவிழா, தீபாவளி என்று ஏதும் இடையில் வந்தால் இன்னும் தள்ளும். நான் மிளகாய் எடுப்பதோ கொழும்பில், கைக்காசுக்கு. அப்போது ஒரு கிலோ தூளின் அடக்கம் 1,400, கடைக்குப் போடுவது 1,700. கிலோவுக்கு 300 நிற்கிறது என்று கொப்பியில் எழுதிப் பார்த்தால் நெஞ்சு நிறையும். ஆனால் நாளுக்கு 20 கிலோ போட்டால் 45 நாளில் 900 கிலோ வெளியே நிற்கும், அடக்கவிலையிலேயே 12 லட்சத்து 60 ஆயிரம். என்னிடம் அவ்வளவு இல்லை, அதனால் நான் நாளுக்கு 20 கிலோ போட்டதே இல்லை, எட்டோ ஒன்பதோதான். கூடக் கேட்கிற கடைக்குக் கொடுக்கக் காசில்லை, கொடுத்த கடையில் இருந்து காசு வரவில்லை.

அதைவிட மோசம், வராமலே போகிற காசு. ஒரு கிலோவின் காசு வரவில்லை என்றால் 300 நட்டம் என்று நினைக்கிறோம். இல்லை. போனது 1,400. அதை ஈடுசெய்ய இன்னும் கிட்டத்தட்ட ஐந்து கிலோ விற்று, அந்த ஐந்துக்கும் காசு ஒழுங்காக வரவேண்டும். லீசிங்கில் 11 வருடம் இதே கணக்கை மற்றவர்களுக்காகப் போட்டவன் நான். எனக்கென்று வந்தபோது மட்டும் எப்படி மறந்தேனோ தெரியாது.

"தம்பி, இண்டைக்கு யாவாரம் சரியில்லை, வாற கிழமை வாங்கோ." இந்த வசனத்தை 32 கடையிலும் 32 விதமாகக் கேட்டிருக்கிறேன். முன்பு கட்டாதவனின் வாகனத்தைத் தூக்க எனக்குப் பின்னால் ஒரு கொம்பனி இருந்தது. தின்று முடிந்த தூளை எப்படித் தூக்குவது? கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவரிடம் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு போன சனம் அவருக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லோருடைய கடனும் வந்து நிற்கிற இடம் நான். படலையில் நிற்கிற வேலையை வெறுத்து வெளியே வந்தவன், மறுபடி படலை படலையாக நின்றேன், இந்தமுறை சம்பளம் இல்லாமல்.

திரும்பி வரும் பைக்கற் வேறு. கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில் வெயில் பட்டு நிறம் வெளிறியது, மல்லி கூடிய தூளில் வண்டு விழுந்தது, திகதி முடிந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டுத் தந்துவிட்டு பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

பிறகு 2022 வந்தது. பங்குனி தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், வைகாசியில் 350ஐத் தாண்டிவிட்டது. செத்தல் மிளகாய் வெளிநாட்டில் இருந்து வருகிற சாமான், டொலரோடு சேர்ந்து அதுவும் ஏறியது. மாசியில் போட்ட தூளுக்கு சித்திரையில் காசு வந்தது, மாசி விலைப்படி. அந்தக் காசுக்குப் பழைய அளவு மிளகாய் வாங்க முடியவில்லை. லாபத்தோடு விற்று, காசும் வந்து, மூட்டை மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது. அச்சடித்த பையில் விலை இருந்ததால் ஒவ்வொரு பையிலும் ஸ்ரிக்கர் ஒட்டினோம், ஒட்டி முடிய முன் விலை மறுபடி மாறியது. மிச்சம் வந்த பைகளில் மனைவி இன்றும் பயறு, உளுந்து கட்டி வைக்கிறாள்.

நேர்மையாகச் சொன்னால், அந்த வருடம் வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் பைக்கற்தான் போட்டுக்கொண்டிருப்பேனோ என்னவோ. 40, 50 லட்சம் முதலோடு, வாகனமும் வைத்து இறங்குகிறவருக்கு இந்தத் தொழில் வேறு மாதிரி இருக்கலாம். நான் அந்த உயரத்தில் இருந்து பார்க்கவில்லை.

இனி மில். முதலில் வெட்கமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பைக்கற் போடும்போது "பிஸ்னஸ் செய்யிறன்" என்று சொல்லலாம், மில் வைத்தால் "மில்லுக்காரன்". 2023இல் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில், பாவித்த மெசினும் மோட்டரும் வாங்கிப் பூட்டினேன். மூன்று பேஸ் கரண்ட் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சத்தமும் நெடியும் என்று அயலட்டை முறைத்தது உண்மை, அதனால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மெசின் போடுவதில்லை.

ஆனால் பாருங்கள், மிளகாய் அவர்களுடையது. விலை ஏறினால் அவர்களுக்கு ஏறும், எனக்கில்லை. வருகிறவர் மூன்று கிலோவோடு வருகிறார், திரித்துக்கொண்டு 360 ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார். கொப்பி இல்லை. காசு தராமல் தூளை எடுத்துப்போக முடியாது, ஏனென்றால் தூள் என் கையில் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன். 2022 ஆவணியில் கரண்ட் கட்டணத்தைச் சராசரி 75 வீதமும், 2023 மாசியில் இன்னும் 66 வீதமும் கூட்டினார்கள். நான் மில் போட்டது அதற்குப் பிறகுதான், எல்லோரும் பயமுறுத்தினார்கள். கிலோவுக்கு எத்தனை ரூபாய் கரண்டுக்குப் போகிறது என்று பார்த்து அதைக் கூலியில் போட்டேன், முணுமுணுத்துக்கொண்டு தந்தார்கள். மிளகாய் விலை ஏற்றத்தை 32 கடைக்காரரிடம் விளங்கப்படுத்தியதைவிட இது எவ்வளவோ மேல்.

சண்டை வேறு விதம். கொண்டுவந்தது மூன்று கிலோ, போவது 2 கிலோ 870 கிராம். "மிச்சம் எங்கை?" ஈரம் வற்றும், மெசினுக்குள் கொஞ்சம் நிற்கும், தூசாகப் பறக்கும், ஆனால் யார் நம்புவார்? இப்போது திரிக்க முதலும் பிறகும் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே நிறுக்கிறேன். ஒரு மாமி வருவார், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெசின் அடியிலேயே நிற்பார், முடிந்ததும் "தட்டி விடுங்கோ தம்பி, தட்டி விடுங்கோ" என்று கடைசிச் சிட்டிகை விழும்வரை விடமாட்டார். இருமி இருமி நின்றாலும் அசையமாட்டார். வேறு யாருடைய மிச்சமும் தன் தூளில் கலக்கக்கூடாது, தன்னுடையது வேறு யாருக்கும் போகவும் கூடாது.

வருமானத்தையும் போட்டுவிடுகிறேன். நாளுக்குச் சராசரி 50 கிலோ, கிலோ 120 ரூபாய், 26 நாள்: 1 லட்சத்து 56 ஆயிரம். கரண்ட் 28,000, வறுத்துத் தருகிற அக்காவுக்கு 40,000, பழுதுபார்ப்புக்கு 10,000 ஒதுக்கினால் 78,000 மிஞ்சும். கொமிசனோடு நான் எடுத்த பழைய சம்பளத்தைவிடக் குறைவு, அங்கே முதலாளி கட்டிய 12 வீதத்தையும் ஈ.ரீ.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தையும் சேர்த்தால் இன்னும் குறைவு. அக்கா வராத நாளில் வறுக்கிற ஓடர் எல்லாம் நிற்கும், என் கைப்பதம் அவருடையதற்குக் கிட்டவும் வராது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு மில் வந்தால் என்ன ஆகும் என்று இரவில் யோசிக்கிறதும் உண்டு. மெசினுக்கும் வயது போகிறது. ஆனால் மோட்டருக்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது, நாளைக்கே மூடினாலும் வாங்க ஆள் வரும். பைக்கற் தொழிலை மூடியபோது யாரும் வாங்க வரவில்லை, வராத காசு எழுதிய கொப்பியை யார் வாங்குவார்?

கொமினிகேசன் கடை பற்றியும் அந்தத் தம்பி கேட்டான். என் மச்சான் இங்கே யாழ்ப்பாணத் திருநெல்வேலியில், கம்பஸ் பக்கம் வைத்திருக்கிறான், போட்டோக்கொப்பி, பைண்டிங், ரீலோட். அதுவும் கைக்காசுத் தொழில்தான், அந்த வகையில் எனக்குப் பிடிக்கும். ஆனால் கடை வாடகையும் முற்பணமும் அவனை நெரிக்கிறது, கம்பஸ் லீவென்றால் ஈ ஓட்டுகிறான். அவன் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். ஒன்லைனில் வெளிநாட்டு வேலை செய்கிற பொடியள் பற்றியும் கேட்டான், அதில் என் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை.

தம்பிக்குச் சொன்னது இது: வங்கிக் கடன் எடுக்கிற எண்ணமிருந்தால் சம்பளச் சிட்டை கையில் இருக்கும்போதே எடு, விட்டபிறகு யாரும் கதிரை காட்டமாட்டார்கள். இன்னும் விடாதே. சனி, ஞாயிறில் பத்துக் கடைக்குப் போட்டுப் பார், மூன்று மாதம். எத்தனை பைக்கற் விற்றது என்று எழுதாதே, எந்தத் திகதியில் போட்டாய், எந்தத் திகதியில் காசு கைக்கு வந்தது, இவ்வளவும் எழுது. தலையாட்டினான். செய்வானோ தெரியாது, லேபிளைக் கைபேசியில் இன்னொருமுறை காட்டிவிட்டுத்தான் போனான்.

பைக்கற்றை நானும் முழுதாக விடவில்லை, சொல்லவேண்டும். ஆடி, ஆவணியில் நல்லூருக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் திரும்பும்போது ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று கேட்பார்கள். வறுத்து, திரித்து, இரட்டைப் பையில் சீல் பண்ணிக் கொடுப்பேன். மிளகாய்க் காசு முழுவதும் முதலே தரவேண்டும். ஒருவரும் இதுவரை முகம் சுழிக்கவில்லை. பழைய 32 கடையில் இன்னும் ஏழு கடை எனக்குத் தரவேண்டும், அதில் ஒருவர் தன் வீட்டுத் தூளை என் மில்லில்தான் திரிக்கிறார். ஒவ்வொரு முறையும் கூலியைச் சரியாக எண்ணி வைப்பார், பழையதைப் பற்றி அவரும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.