அப்பாவுக்கு கார்டியன்ஷிப் வாங்க போன வக்கீல் ஆபீஸ்: 5க்கு 4

டிமென்ஷியாங்கிற மறதி நோய் வந்த அப்பாவோ அம்மாவோ வீட்ல இருக்காங்க, கையெழுத்து மாறுதுன்னு பேங்க்ல பணம் தர மாட்டேங்குறாங்க, அவங்க சார்பா முடிவெடுக்க சட்டப்படி கார்டியன் ஆகணும்னா யார்கிட்ட போறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. எங்க அப்பா கேஸ நடத்தின வக்கீல் மேடம்கிட்ட தாராளமா போகலாம்.

இவங்களுக்கு முன்னாடி பாத்த ஒரு வக்கீல், அப்பா கைய புடிச்சு ஒரு கையெழுத்து வாங்கிட்டா போதும், அவர் சார்பா நாங்க கையெழுத்து போடுற மாதிரி புது பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) ரெடி பண்ணிடலாம்னு சர்வசாதாரணமா சொன்னாரு. மேடம் அத கேட்டதுமே வேணவே வேணாம்னுட்டாங்க, புரியாம போட்ட கையெழுத்து நிக்காது, நாளைக்கு உங்க மேலயே கேஸ் வரும்னாங்க. பழைய பவர் ஒண்ணு இருந்துச்சு, ஆனா சாதாரண பவர்லாம் எழுதிக் கொடுத்தவருக்கு புரியுற சக்தி போனதும் பொதுவா செல்லாம போயிடுமாம். அதுக்கப்புறமும் செல்லுற மாதிரி எழுத சில நாட்டு சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அதையும் எழுதிக் கொடுக்குறவர் தெளிவா இருக்கும்போதே எழுதிருக்கணும். அதனால எங்களுக்கு கோர்ட்ட விட்டா வழி இல்ல.

டாக்டர் சர்டிபிகேட்ட மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க. "டிமென்ஷியா இருக்கு"ன்னு ஒரு வரி போதாது, எந்த முடிவ அவரால எடுக்க முடியல, எத இன்னும் முடியுதுன்னு எழுதி வாங்கணும்னாங்க. ஞாபகத்தையும் யோசிக்கிற திறனையும் பாக்குற எம்எம்எஸ்இ டெஸ்ட்ல 30க்கு இத்தனை மார்க்னு மட்டும் வச்சு ஒருத்தர் உரிமைய எடுக்க முடியாது இல்லையா. யூரின் இன்பெக்‌ஷன், தைராய்டு, பி12 குறைவு இதனாலயும் குழப்பம் கூடும், அதெல்லாம் பாத்தாச்சான்னு அவங்களே கேட்டாங்க, ஒரு வக்கீல் இதக் கேப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்க அப்பாகிட்ட பேசின விதம். எங்கள வெளிய உக்கார சொல்லல, ஆனா நாங்க குறுக்க பதில் சொன்னா கைய காட்டி நிறுத்திட்டாங்க. டாக்டர் கடிகாரம் வரைய சொன்னப்போ 12 நம்பரையும் ஒரே பக்கமா அடுக்கி வச்ச அதே அப்பா, மேடம் பொறுமையா கேட்டதும் "காச இவ பாத்துக்கட்டும்மா, ஆனா எங்க இருக்கணும்னு நான்தான் சொல்வேன்"னாரு. மனுல அப்படியே வந்துச்சு: பணத்துக்கும் வைத்தியத்துக்கும் மட்டும் நான் கார்டியன், எங்க வாழணும்ங்கிறது அவரோட முடிவு. மொத்தமா எல்லா அதிகாரமும் கேட்டு மனு போடுறது வக்கீலுக்கு சுலபம், ஆனா 2006ல வந்த ஐநா மாற்றுத்திறனாளி உரிமை ஒப்பந்தம் 12வது பிரிவுலயே அந்த நபரோட விருப்பத்துக்கு மதிப்பு கொடுக்கணும்னு இருக்குன்னு எடுத்து காட்டினாங்க.

தம்பிக்கு சந்தேகம், நான் சொத்த எடுத்துக்க போறேனோன்னு. மனு போடுறதுக்கு முன்னாடியே அவன வீடியோ கால்ல கூப்பிட்டு, கார்டியன்னா வாரிசு இல்ல, பணம் அப்பாவோடதுதான், நோட்டீஸ் உனக்கும் வரும், ஆட்சேபணை இருந்தா ஜட்ஜ்கிட்ட சொல்லலாம்னு புரிய வச்சாங்க. அதோட அவன் அடங்கிட்டான், இல்லனா கேஸ் எவ்ளோ இழுத்திருக்குமோ.

ஒரு ஸ்டார் கொறச்சதுக்கு காரணம், ஆர்டர் வந்த அப்புறம் இருக்குற வேலைய முதல்லயே சொல்லல. அப்பா பணத்த தனி அக்கவுன்ட்ல வச்சு, மருந்து பில்லு வரைக்கும் சேத்து வச்சு, கோர்ட்டுக்கு கணக்கு கொடுக்கணும், வீட்ட விக்கணும்னா தனியா பர்மிஷன் வாங்கணும். இந்த கணக்கு வேலைக்கு ஆபீஸ்ல தனி ஃபீஸ், அது ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது. போன் பண்ணா ஜூனியர்தான் எடுப்பாரு, அவருக்கு பாதி விஷயம் தெரியாது. போறவங்க முதல் மீட்டிங்லயே இதுக்கு எவ்ளோன்னு எழுதி வாங்கிக்கோங்க. வீட்ல இருக்கவங்களுக்கு இப்பதான் ஆரம்ப ஸ்டேஜ்னா கார்டியன்ஷிப் வரைக்கும் காத்திருக்காதீங்க, உங்க ஊர் சட்டத்துல பவருக்கு வழி இருக்கான்னு அவங்களையும் கூட்டிட்டு போய் கேளுங்க, அவங்க இல்லாம மேடம் பேச மாட்டாங்க.