ஹான்ஸ் மக்காவ்: பறவை நன்று, உடன் தந்த கூண்டு தவறு

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளி வளர்க்க விரும்புவோர் வெளிநாட்டு இனங்களை நாடுகின்றனர். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பறவைப் பண்ணையில் கடந்த மார்ச் மாதம் நான் வாங்கியது ஹான்ஸ் மக்காவ். தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்த இது மக்காவ் இனங்களிலேயே மிகச் சிறியது; வாலோடு சேர்த்து ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் இருக்கும். நீளத்தில் பச்சைக்கிளியைக்கூட எட்டாது. ஆனாலும் கண்ணைச் சுற்றிய வெண்ணிறத் தோலும் கறுத்த அலகும், சிறகை விரித்தால் தோளில் தெரியும் சிவப்பும், பஞ்சவர்ணக்கிளியின் உறவு இது என்பதைக் காட்டிவிடும்.

பண்ணை உரிமையாளரின் நேர்மையை முதலில் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகும், குஞ்சு தானாக இரை எடுக்கப் பழகும்வரை அதை என் கையில் தர அவர் மறுத்துவிட்டார். ஊட்டும் கூழின் சூடு சற்றுக் கூடினாலே குஞ்சின் இரைப்பை வெந்துபோகும் என்பதை அறியாமல், மலிவாகக் கிடைக்கிறதென்று கண் திறக்காத குஞ்சுகளை வாங்கிச் செல்வோர் பலர். என் பறவையின் காலில், குஞ்சாக இருக்கும்போதே மாட்டப்படும் இணைப்பில்லாத மூடிய வளையம் இருந்தது. அதன் எண் ரசீதிலும் இருந்தது. வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்வதற்கான 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பறவை கைக்கு வந்த 30 நாள்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

ஆனால் "இது சத்தமே போடாது சார், அப்பார்ட்மெண்டுக்கு ஏற்றது" என்று அவர் சொன்னதை நம்பியது என் தவறு. பெரிய மக்காவ்களோடு ஒப்பிட்டால் இதன் குரல் சிறியதுதான். இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பில் அந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் ஒரு முறை, மாலையில் பொழுது சாயும்போது மறுமுறை, கூட்டத்தை அழைக்கும் பாவனையில் அது கத்தும் கத்தலுக்குக் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பெரியவர் மேலே ஏறி வந்து, வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையா என்று கேட்டுச் சென்றார். கத்தும்போது ஓடிப்போய் அதட்டினால் அதையே கவனிப்பு என்று எடுத்துக்கொண்டு மேலும் கத்துகிறது. அடங்கிய பின் அருகில் சென்று பேசினால் நாளடைவில் குறைகிறது. தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கூண்டுக்குள் சிறகடித்து விழுந்ததால், அன்று கூண்டைப் போர்த்தி உள்ளறையில் மெல்லிய விளக்கோடு வைத்திருந்தோம்.

பண்ணையிலேயே வாங்கிய கூண்டுதான் பெரிய குறை. அது துத்தநாகப் பூச்சு கொண்ட ஜி.ஐ. கம்பி வலை. அலகை மூன்றாவது காலாகப் பயன்படுத்தி ஏறி இறங்கும் பறவைக்கு, கம்பியைக் கடித்துச் சுரண்டுவதே பொழுதுபோக்கு. அந்தத் துத்தநாகம் உடலில் சேர்ந்தால் நஞ்சாகும். சோதனைக்குக் கொண்டுசென்ற பறவை மருத்துவர் கூண்டின் படத்தைப் பார்த்ததுமே அன்றைக்கே மாற்றச் சொன்னார். பவுடர் கோட்டிங் செய்த, அரை அங்குல இடைவெளிக் கம்பிகளோடு 3 அடி அகலம் உள்ள கூண்டுக்கு மீண்டும் செலவழித்தேன். பழைய கூண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பண்ணை இசையவில்லை.

இரையிலும் அவர்கள் சொன்னதை மாற்ற வேண்டியிருந்தது. கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். இப்போது பெல்லட் எனும் பறவைகளுக்கான உருண்டைத் தீவனம், முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கேரட், கொய்யா எனப் பழக்கிவிட்டேன். பழுத்த சிவப்பு மிளகாயை விதையோடு ரசித்துத் தின்கிறது. காரம் பறவைக்கு உறைப்பதில்லை. சமையலறையிலிருந்து நான்ஸ்டிக் தவாவை அகற்றியாயிற்று, ஏனெனில் அது அளவுமீறிச் சூடானால் எழும் புகையே கிளியைக் கொன்றுவிடும்.

பறவையின் உடல்நலம், பழக்கம், ஆவணங்கள் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். கூண்டுக்கும் ஆலோசனைக்கும் ஒன்றுதான். அங்கே வாங்கச் செல்வோர் கூண்டை வேறிடத்தில் முன்பே வாங்கி வைத்துவிட்டு, மாலை ஐந்தரை மணிக்கு மேல் அரை மணி நேரம் பண்ணையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்ட பிறகு முன்பணம் கொடுக்கலாம்.