2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: பாதி ஒப்பந்தம் மட்டும் அச்சில்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிப் புத்தகம், புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஓவியம் நன்றாக இருக்கிறது, கிளாஸ்களை, அதாவது பாத்திர வகைகளைச் சீராக்கியிருக்கிறார்கள், அதெல்லாம் சரி. நான் முதலில் புரட்டியது மந்திரப் பகுதியைத்தான். பெரம்பூரில் நாங்கள் ஆடும் குழு 17ஆம் லெவலுக்கு வந்துவிட்டது, எங்கள் மந்திரவாதி விசார்டின் கையில் கேட்டதைக் கொடுக்கும் விஷ் மந்திரம் இருக்கிறது, இந்த உயரத்தில் ஆட்டம் உடையாமல் ஓடுவது விதிகளாலா, இல்லை ஆடுகிறவர்கள் எழுதாத ஒப்பந்தம் மாதிரி சிலதைச் செய்யாமல் விடுவதாலா என்பது ரொம்ப நாளாக எனக்கிருந்த சந்தேகம்.

2014 பதிப்பில் சிமுலாக்ரம் என்கிற மந்திரம் என்ன செய்யும் என்று ஆடினவர்களுக்குத் தெரியும். 12 மணி நேரம், பனி, 1,500 பொன் மதிப்புள்ள மாணிக்கப் பொடி, கடைசியில் விசார்டின் நகல் ஒன்று எழுந்து நிற்கும். அந்த நகலுக்கும் விஷ் தெரியும். விஷ் எட்டாம் நிலை வரைக்கும் எந்த மந்திரத்தையும் பொடியும் வேண்டாம், 12 மணி நேரமும் வேண்டாம் என்று அந்த நொடியே செய்துவிடும். அப்புறம் என்ன, நகல் இன்னொரு நகலை எழுப்பும், அது இன்னொன்றை எழுப்பும், சாயங்காலத்துக்குள் ஒரு படையே நிற்கும். எழுத்துப்படி இதில் தப்பே இல்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி இதை எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்டான், ஆட்டத்தை நடத்தும், எதிரிகளை ஆடும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: "தாராளமா போடு நைனா, அடுத்த வாரம் வர்ற லிச்சும் அதையே போடும், ஓகேவா?" லிச் என்றால் செத்தும் அடங்காத எதிரி மந்திரவாதி, பேச்சு அதோடு முடிந்தது. வண்ணாரப்பேட்டை கேரம் கிளப்பில் பெரிய ஆட்டக்காரர் சின்னப் பையன் எதிரில் உட்கார்ந்தால் முதல் கையிலேயே போர்டைக் காலி பண்ண மாட்டார் இல்லையா, அந்த மாதிரி.

புதிய புத்தகம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது, நகலால் சிமுலாக்ரம் போட முடியாது. எதிரியைக் கூண்டில் அடைக்கும் ஃபோர்ஸ்கேஜுக்கு இப்போது கான்சன்ட்ரேஷன் வேண்டும், கவனம் கலைந்தால் மந்திரமும் கலையும், முன்னாடி எந்தக் கவனமும் இல்லாமல் ஒரு மணி நேரம் ராட்சசனைக் கூண்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். விலங்குகளை வரவழைக்கும் கான்ஜர் அனிமல்ஸ்தான் எனக்குப் பெரிய நிம்மதி. முன்னாடி எட்டு ஓநாய்களைத் தனித்தனியாக நகர்த்தி, தனித்தனியாக டைஸ் உருட்டி, அதற்குள் வாங்கி வைத்த அத்தோ நூடுல்ஸ் ஆறிப்போய், மற்றவர்கள் எல்லாம் போனை எடுத்துவிடுவார்கள். இப்போது அது ஒரே ஆவிக் கூட்டம். எங்கள் ட்ரூயிட் அக்கா யாரும் சொல்லாமலேயே அந்த மந்திரத்தை எடுப்பதை நிறுத்தியிருந்தார், இனிமேல் தைரியமாக எடுக்கலாம்.

ஆனால் இதெல்லாம் ஆட்டக்காரர்கள் செய்யாமல் விட்டவை. டிஎம் செய்யாமல் விடுவது எங்கே? எதிரி மந்திரவாதிக்கும் தூரத்திலிருந்தே பார்க்கும் ஸ்க்ரையிங் உண்டு, டெலிபோர்ட் உண்டு. நாங்கள் காயத்தோடு தூங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு நடு ராத்திரியில் வந்து இறங்கி எல்லாரையும் முடித்துவிடலாம், விதி தடுக்காது, அவனுக்கு மூளை இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். செய்வதில்லை. நாங்களும் பதிலுக்கு அவன் கோட்டைப் படுக்கையறையில் நேராகப் போய்க் குதிப்பதில்லை, வாசல் வழியாகவே போகிறோம், அடி வாங்குகிறோம். அதே மாதிரி, செத்தவனை ஒரு நிமிடத்துக்குள் 300 பொன் வைரம் வைத்து உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை போடும்போது எதிரி அதை கவுன்டர்ஸ்பெல் பண்ணினால், அதாவது நடுவிலேயே முறித்தால், மேஜையே அமைதியாகிவிடும். இதைப் பண்ணாதே என்று எந்த டிஎம்முக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கவுன்டர்ஸ்பெல்லைக் கொஞ்சம் இளக்கியிருக்கிறார்கள், மந்திரம் போடுகிறவருக்கு ஒரு கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது உடல் வலுவை நம்பி டைஸ் உருட்டித் தப்பிக்கும் வாய்ப்பு உண்டு, தோற்றாலும் அந்த மந்திரத்துக்கான ஸ்லாட் வீணாகாது. அதற்கு நன்றி. மற்றபடி ஆட்டத்தைத் தாங்குகிற பெரிய பாதி இந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதைப் பற்றி இங்கே வார்த்தை இல்லை.

விஷ்ஷை மட்டும் ஏறக்குறைய அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னொரு மந்திரத்தை அப்படியே செய்வதற்கு மேல் ஏதாவது கேட்டால் பலம் 3ஆக இறங்கும், இனி வாழ்நாளில் விஷ்ஷே இல்லாமல் போக 33 சதவீத வாய்ப்பு, என்ன நடக்கும் என்பது டிஎம் விருப்பம். இது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்கலாம் என்கிற மந்திரத்துக்கு எத்தனை பக்கம் எழுதினாலும் ஒரு வக்கீல் பையன் சந்து கண்டுபிடிப்பான்.

முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிறவர்கள், புதிதாகக் குழு சேர்க்கிற டிஎம்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், டிஎம் முறைக்க வேண்டிய இடங்களில் பாதியைப் புத்தகமே முறைத்துவிடுகிறது. ஒரே ஆட்களோடு வருஷக்கணக்காக உட்கார்கிறவர்களுக்கு 2014 புத்தகமே போதும், புதிதில் மந்திரப் பகுதியை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்த்தால் சரி. கெட்டி அட்டை, 384 பக்கம், மடியில் வைத்து ஆட முடியாது. அத்தோ எண்ணெய் பட்டால் அந்த வழவழத் தாளில் கறை போகவே போகாது, தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.