கோலி தரவரிசை முறை: கல்லூரி வாலிபாலுக்குப் பயன்படுத்திய அனுபவம்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரி அணிகளின் வாலிபால் முடிவுகளைத் தொகுத்துத் தரவரிசை தயாரிக்க, வானியற்பியலாளர் வெஸ்லி கோலி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்காக வகுத்த முறையைப் பயன்படுத்தினேன். காசு செலவில்லை, முழு விளக்கமும் இணையத்தில் கிடைக்கிறது, பிளஸ் டூ கணிதத்தில் வரும் நேர்மாறு அணி (இன்வெர்ஸ் மேட்ரிக்ஸ்) தெரிந்தவர்கள் எக்செலிலேயே போட்டுவிடலாம்.

எங்கள் சிக்கலும் அவர்களுடைய சிக்கலும் ஒன்றுதான். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம் அளவில்தான் ஆடுகின்றன. இங்கே அரூர் அணி ஓசூர் அணியைச் சந்திக்கவே இல்லை. வெற்றிகளை மட்டும் எண்ணினால், எளிய அணிகளோடு மோதியவர்கள் மேலே போய்விடுவார்கள்.

கோலி முறையில் எல்லா அணிகளும் 0.5 என்ற மதிப்பில் தொடங்குகின்றன. இரண்டே அணிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடினால், வென்ற அணிக்கு 0.625, தோற்ற அணிக்கு 0.375. ஆட்டங்கள் கூடக்கூட, எதிரணிகளின் மதிப்பும் கணக்கில் சேர்கிறது. பாலக்கோடு அணி முன்பு வென்றிருந்த ஓர் அணி பென்னாகரத்தில் தோற்றதும் பாலக்கோட்டின் மதிப்பும் குறைந்தது. "நாங்க ஆடாத அன்னைக்கு எப்படி சார் இறங்கினோம்?" என்று அதன் கேப்டன் கேட்டார். தாளில் சமன்பாட்டை எழுதிக் காட்டியதும், அவரே எண்களைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டார். இந்த முறையின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

1998 முதல் 2013 பருவம் வரை அங்கே இறுதி ஆட்டத்துக்கான இரு அணிகளைத் தேர்ந்தெடுத்த பி.சி.எஸ். (பவுல் சாம்பியன்ஷிப் சீரிஸ்) பட்டியலில், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோரின் வாக்கெடுப்புகளோடு கணினிக் கணக்கும் கலந்திருந்தது. 2003இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்ற யூ.எஸ்.சி. அணி அந்தப் பட்டியலில் மூன்றாமிடத்துக்குப் போனதால், எல்.எஸ்.யூ.வும் ஓக்லஹோமாவும் இறுதி ஆட்டம் ஆடின. பின்னாளில் பயன்பட்ட ஆறு கணினி முறைகளில் முழுச் சூத்திரத்தையும் வெளியிட்டவர் கோலி மட்டுமே. 2010இல் கீழ்நிலைப் பிரிவு ஆட்டம் ஒன்றின் முடிவு அவர் கணக்கில் விடுபட்டிருந்ததை வெளியார் ஒருவர் கண்டுபிடித்தார், திருத்தியபோது பி.சி.எஸ். பட்டியலில் எல்.எஸ்.யூ.வும் பாய்சி ஸ்டேட்டும் 10, 11ஆம் இடங்களை மாற்றிக்கொண்டன. சூத்திரம் பூட்டிக் கிடந்திருந்தால் அந்தப் பிழையை யார் பிடித்திருக்க முடியும்?

குறை என்றால், வெற்றியின் அளவை இது பார்ப்பதில்லை. எளிய அணியைப் போட்டு நசுக்கும் ஆசைக்கு இடம் தரக்கூடாது என்று 2002இல் பி.சி.எஸ். எல்லாக் கணினி முறைகளிலும் புள்ளி வித்தியாசத்தை நீக்கியது நியாயமே. ஆனால் வாலிபாலில் 3-0 வெற்றியும் 3-2 வெற்றியும் ஒரே எடை பெறுவது எனக்கு உறுத்துகிறது. தொடக்க வாரங்களின் பட்டியலையும் நம்ப வேண்டாம். அணிகள் ஓரளவு ஒன்றோடொன்று பின்னிய பிறகே வெளியிடுங்கள்.

இந்தக் குறைகளோடும், எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாத போட்டிகளுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். ஸ்கோர் ஷீட்டிலிருந்து முடிவுகளை ஒருவர் ஏற்றினால் இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பட்டியலோடு எல்லா ஆட்ட முடிவுகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.